அக்கா தெரியும் கேமரா

எங்கள் வீட்டில் பெண் பிள்ளைகள் இரண்டு பேர். ஒருத்தியைக் கடவுளுக்குக் கொடுத்துவிட்டார்கள், ஒருத்தியை வீட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். நான் வீட்டுக்கு வைத்துக்கொண்டவள்.

அக்கா இருப்பது கதவடைத்த மடம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று ஊருக்குள் நடமாடுகிற சிஸ்டர்கள் அல்ல அவர்கள். உள்ளே போனால் போனதுதான். செபம், தோட்டம், கோயில்களுக்கு நற்கருணை அப்பம் சுடும் வேலை என்று ஆயுள் முழுவதும் அந்த மதிலுக்குள்ளேயே கழிந்துவிடும். வீட்டுச் சாவுக்குக்கூட வரமாட்டார்கள். அப்பா இறந்தபோது அக்காவுக்குப் பதிலாக ஒரு கடிதம்தான் வந்தது. வருஷத்தில் சில நாட்கள் மட்டும் நாம் போய்ப் பார்க்கலாம். சந்திக்கிற அறையின் நடுவே சுவர் அகலத்துக்கு இரும்புக் கிராதி. அவள் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம்.

அம்மா அந்தக் கிராதியைத் தேடிப் பல வருஷம் போய் வந்தாள். திண்டுக்கல்லில் ஏறி, வடமதுரை தாண்டி, வேறு பஸ் மாறி, கையில் முறுக்கு டப்பாவோடு. அம்மாவுக்குக் காது போய் ரொம்ப காலமாயிற்று. காதோடு வாய் வைத்துக் கத்தினால் கொஞ்சம் விழும்; மற்றபடி கிட்டத்தில் உதடு அசைவதைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடித்துக்கொள்வாள். அதனால் மடத்து ஆபீஸ் போனில் பேசிப் பயனில்லை. கண்ணிலும் புரை. ஒரு கண்ணில் ஆபரேஷன் செய்தும் முழுசாகத் தெளியவில்லை. ஆகையால் கடிதமும் நான் காதுக்குள் கத்திப் படித்துக் காட்டுவதாக ஆயிற்று. நேரில் போவது ஒன்றுதான் மிச்சமிருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் பிளேட் வைத்த பிறகு அதுவும் நின்றுபோனது. காரில் கூட்டிப்போகவும் டாக்டர் சம்மதிக்கவில்லை.

"ரெண்டு பேரையும் ஒண்ணாப் பாத்துட்டாப் போதும் எனக்கு" என்று அம்மா அடிக்கடி சொல்வாள். கிராதிக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று என்றுதான் எங்களைப் பார்த்திருக்கிறாள், அக்கா போன நாளிலிருந்து. இப்போது அந்தப் பக்கத்துப் பிள்ளையை இனிப் பார்க்கவே முடியாது என்று ஆகிவிட்டது. அது அம்மாவை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

எனக்கு அக்கா மேல் பொறாமை உண்டு. அதை மறைப்பதற்கில்லை. ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நின்றால் வருகிறவர்கள் எல்லாம் அம்மா கையைப் பிடித்து, "சாமிக்குப் பிள்ளையக் குடுத்த புண்ணியவதி" என்பார்கள். பக்கத்தில் அம்மாவைத் தாங்கிப் பிடித்து நிற்கிறவளை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. தட்டில் சோறு வைத்தால் அம்மாவின் முதல் பேச்சு, "அவ சாப்டிருப்பாளா?" என்பதுதான். என்னைக் கேட்டதே கிடையாது. சமைக்கிறவள் சாப்பிடாமலா இருப்பாள் என்ற கணக்கு போலும். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அந்தக் கணக்கு மட்டும் எனக்குச் சரியாக வந்ததில்லை. அதிலும் என் முகம் அப்படியே அப்பா. அக்காதான் அம்மாவை உரித்து வைத்தவள்.

போன தடவை நான் மட்டும் அக்காவைப் பார்க்கப் போனபோதுதான் கேமரா யோசனை வந்தது. மடத்து வாசலில் எல்லோர் போனையும் ஒரு பிளாஸ்டிக் கூடையில் வாங்கி வைத்துவிடுவார்கள். அங்கே வெளி வேலைகளைப் பார்க்கும் சிஸ்டர் ஒருவர் இருப்பார். நான் போனைக் கூடையில் போட்டுவிட்டு, "போன் கூடாது, சரி. கேமரா?" என்று கேட்டேன். இப்படி யாரும் கேட்டதில்லை போல. அவர் உள்ளே போய் மடத்துத் தலைவியான மதரிடம் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார்:

"உள்ள எடுக்கக் கூடாதாம். எடுத்துட்டு வந்ததைக் காட்டலாமாம்."

அது போதும் எனக்கு. அம்மாவை அங்கே கொண்டுபோக முடியாவிட்டால் அம்மா முகத்தையாவது கொண்டுபோவேன். பேச்சோடு, அசைவோடு.

ஊரில் கேம்கார்டர் கேட்டுப் போனால் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கல்யாண வீடியோக்காரங்ககூட இப்ப இதை வாங்குறதில்லையே மேடம். எல்லாம் மாறிப்போச்சு" என்றார். மேல் அலமாரியில் கிடந்த ஒரே பெட்டியைத் தூசி தட்டி எடுத்தார். என் வீட்டுக்காரர் அதற்கு மேல். அவருக்கு ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் மண்டியில் வேலை. முருங்கைக்காய் கட்டுகளும் கேரளா லாரிகளும்தான் அவர் உலகம். பெட்டியைப் பார்த்ததும், "எங்க, யாரு கல்யாணத்துக்கு ஆர்டர் பிடிச்சிருக்க?" என்றார். ரெண்டு நாள் அவருக்குச் சோற்றோடு வெஞ்சனம் வைக்கும்போது அகப்பையைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன்.

ஆனால் அந்தச் சாமான் கைக்கு வந்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லியாக வேண்டும். வலது கை நுழைகிற மாதிரி ஒரு பட்டை. நுழைத்து இறுக்கினால் உள்ளங்கையில் பதவிசாக உட்கார்ந்துகொண்டது. பக்கத்தில் கதவு மாதிரி ஒரு சின்னத் திரை. திறந்தால் தானாக உயிர் வரும், மூடினால் தூங்கிவிடும். ஆள்காட்டி விரலுக்கு அடியில் ஒரு விசை. லேசாகத் தள்ளினால் தூரத்தில் இருப்பது சத்தமில்லாமல் கிட்டே வந்தது. மொட்டை மாடியில் ஏறி நின்று மலைக்கோட்டையைக் கிட்டே இழுத்தேன். பாறையில் வெட்டிய படிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. மேலே யாரோ ஒரு பையன் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான். நான் பார்ப்பது அவனுக்குத் தெரியாது என்பதில் ஒரு குறும்பு இருந்தது.

ஒரு வாரம் பைத்தியம் மாதிரி எடுத்துத் தள்ளினேன். பூ மார்க்கெட்டில் குவித்திருந்த செவ்வந்தி. எங்கள் நாகல் நகர்த் தெரு, ஆட்டோக்களோடு. அக்காவும் நானும் நடந்து போன பள்ளிக்கூட வாசல். பின்பக்கத்து முருங்கை மரம். ராத்திரி டிவியில் ஒயரைச் சொருகிப் போட்டுப் பார்த்தால் முருங்கைப் பூவில் எறும்பு ஊர்வதுகூடத் தெரிந்தது. என் வீட்டுக்காரரே கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் விழுகுது" என்று ஒத்துக்கொண்டார்.

அம்மாவைக் கடைசியாகத்தான் எடுத்தேன். சாயங்காலம் செபமாலை முடிகிற நேரம். வெள்ளைச் சேலை முந்தானையை முக்காடாகப் போட்டுக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, ஜன்னலோர நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் முகத்தில் நன்றாக விழுந்தது. கேமராவைப் புத்தக அடுக்கின் மேல் வைத்தேன். முன்னாலேயே அம்மா காதில் கத்திச் சொல்லியிருந்தேன்: "அக்காவுக்காக வாங்குனதும்மா. மடத்துல போனு கூடாது. இது கூடும்."

முகம் சரியாக விழுகிறதா என்று குனிந்து பார்த்தேன். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அம்மாவின் இடது காது மடல் ஒரு காலத்தில் அறுந்து தைத்தது என்பது தையல் கோடு தெரிந்தபோதுதான் ஞாபகம் வந்தது. கழுத்தில் மாதா படம் கோத்த உத்தரியக் கயிறு உரசி உரசி ஒரு வெள்ளைத் தடம். தினமும் நான் குளிப்பாட்டுகிற உடம்புதான். குளிப்பாட்டினேனே தவிர பார்க்கவில்லை என்று தோன்றியது. என் கையடக்கத்தில் அம்மா அவ்வளவு தெளிவாக இருந்தாள், அவ்வளவு கிழவியாக இருந்தாள். இவள் போய்விடுவாள் என்ற பயம் முதல்முறையாக அப்போதுதான் வந்தது.

அம்மா குனிந்தே இருந்ததால் திரையை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். தன்னைத் தானே பார்த்தால் நிமிர்ந்து உட்காருவாள் என்று நினைத்தேன். திருப்பிவிட்டு, பதிவு பட்டனை அழுத்திவிட்டு, தள்ளிப் போய் நின்றேன்.

அம்மா திரையைப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். முகம் மெல்ல மலர்ந்தது.

"வந்துட்டியா தாயி?" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம்தான் விளங்கியது. சித்தி மகன் துபாயிலிருந்து போனில் முகம் காட்டிப் பேசுவான். அம்மாவுக்கு அது பழக்கம். அவன் வாய் அசையும், அம்மாவுக்கு ஒன்றும் கேட்காது, ஆனாலும் தலையை ஆட்டுவாள். இதுவும் அப்படி ஒன்று, மடத்தில் அனுமதிக்கிற ஒன்று என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். சின்னத் திரையில், புரை விழுந்த கண்ணுக்கு, வெள்ளை முக்காடு போட்ட ஒரு பெண் முகம் தெரிகிறது. தன் ஜாடையில். அது யாராக இருக்க முடியும்?

"மெலிஞ்சு போயிட்டியே. அம்புட்டு வேலையா அங்க?" என்றாள் அம்மா. திரையில் இருந்தவளும் வாயசைத்தாள். அம்மா சட்டென்று நிறுத்தினாள். "நீ பேசுறப்பவே நானும் பேசுறேன் பாரு. நீ சொல்லு. நான் செத்த நேரம் சும்மா இருக்கேன்."

சும்மா இருந்தாள். திரையில் இருந்தவளும் மரியாதையாகச் சும்மா இருந்தாள். ரெண்டு பேரும் ஒருத்தர் பேச ஒருத்தர் காத்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். பொத்திய கை நனைந்த பிறகுதான் நான் அழுகிறேன் என்று தெரிந்தது.

"சரி, நானே கேக்குறேன். சாப்டியா?" என்று கேட்டுவிட்டு அம்மா காத்திருந்தாள். பிறகு, "ம்" என்றாள்.

"என்ன வெஞ்சனம்?" காத்திருந்தாள். "ம்."

"நான் வரலைன்னு கோவமா?" இந்த முறை நீண்ட நேரம் காத்திருந்தாள். "அதான. எனக்குத் தெரியாதா" என்றாள்.

அப்புறம் குரலைத் தணிப்பதாக நினைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "ஒன் தங்கச்சி மூஞ்சிய எப்பவும் உம்முன்னே வச்சிருக்கா. அவளுக்காக வேண்டிக்க தாயி."

அது உன் முகம்தான் அம்மா என்று நான் சொல்லவில்லை. வேலை முடிந்து வந்த வீட்டுக்காரர் பின்னால் நின்று பார்த்திருக்கிறார். நான் சமையலறைக்குப் போனதும் பின்னாலேயே வந்து, "சொல்லிரு, பாவம்ல" என்றார். "நீங்க சொல்லுங்களேன்" என்றேன். அவர் போய்க் கை கால் கழுவிக்கொண்டார்.

அடுத்த சந்திப்பு நாளில் கேமராவை ஒரு மஞ்சள் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். கிராதிக்கு அந்தப் பக்கம் அக்கா வந்து உட்கார்ந்தாள். அதே முகம், முக்காடு மட்டும் வேறு. கிராதியின் இடைவெளியில் கேமரா நுழையவில்லை. நானே இந்தப் பக்கம் நின்று, திரையை அவளுக்குத் திருப்பிப் பிடித்துக்கொண்டேன்.

மலைக்கோட்டை, செவ்வந்தி, பள்ளிக்கூட வாசல் எல்லாவற்றையும் அக்கா நல்ல பிள்ளையாகப் பார்த்தாள். "ரொம்பத் தெளிவா இருக்கு" என்றாள். ஒரு வாரம் நான் மாடிக்கும் மார்க்கெட்டுக்கும் அலைந்ததற்குக் கிடைத்தது அவ்வளவுதான். எனக்குக் கோபம்கூட வந்தது. அப்புறம் அம்மா வந்தாள்.

"வந்துட்டியா தாயி?"

அக்காவின் கை கிராதிக் கம்பியைப் பிடித்தது. "வந்துட்டேம்மா" என்றாள், தன்னை அறியாமல்.

அதற்குப் பிறகு நடந்ததை என்னால் சரியாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. அம்மா கேட்டாள். கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். அந்த இடைவெளியில் அக்கா பதில் சொன்னாள்.

"சாப்டியா?"

"சாப்டேம்மா."

"ம்."

"என்ன வெஞ்சனம்?"

"பீர்க்கங்கா கூட்டு. நம்ம வீட்டு ருசி வராது."

"ம்."

"நான் வரலைன்னு கோவமா?"

அம்மா திரையில் நீண்ட நேரம் காத்திருந்தாள். "கோவம் இல்லம்மா. ஏக்கமா இருக்கு" என்றாள் அக்கா.

"அதான. எனக்குத் தெரியாதா" என்றாள் அம்மா.

கேமராவை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். என்னைப் பற்றிய புகார் வந்தபோது அக்கா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, திரையைப் பார்த்தே சொன்னாள்: "தினமும் அவளுக்குத்தாம்மா மொத செபம்." எனக்கு அது தெரியாது. இத்தனை வருஷத்தில் ஒரு கடிதத்திலும் அவள் அதை எழுதியதில்லை.

முடிந்ததும் அக்கா கேட்டாள், "அம்மா பார்வை ஏன் கொஞ்சம் ஓரமா இருக்கு? யாரைப் பாத்துப் பேசுறாங்க?"

சொன்னேன். லென்ஸ் ஒரு பக்கம், திரை ஒரு பக்கம், அம்மா பார்த்தது தன் முகத்தையே, நினைத்தது உன்னை என்று. அக்கா முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். சிரித்து முடித்து, "அந்த முகத்தை நிப்பாட்டிக் காட்டு" என்றாள். நிறுத்தினேன். அவள் கம்பியில் நெற்றி பட, கிட்டே வந்து ரொம்ப நேரம் பார்த்தாள். ஒரு கையால் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டாள்.

"இங்க கண்ணாடி கிடையாது. என் முகத்தை நான் பாத்து எத்தனையோ வருஷமாச்சு. அப்ப இப்ப நான் இப்படித்தான் இருக்கேன், இல்ல?"

"இப்படியேதான் இருக்க" என்றேன்.

அக்காவின் முகத்தைப் படம் எடுத்துக்கொள்ள என் விரல் பட்டன் மேல் போனது நிஜம். எடுத்திருந்தால் அம்மாவுக்கு உண்மையான அக்காவைக் காட்டியிருக்கலாம். மூலையில் உட்கார்ந்திருந்த வாசல் சிஸ்டர் தலையைக் குனிந்து செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். அவர் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் காட்டலாம், எடுக்கக் கூடாது என்று சொல்லித்தானே உள்ளே விட்டார்கள். விரலை எடுத்துவிட்டேன். உள்ளே மணி அடித்தது. அக்கா எழுந்து போனாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அக்காவின் பதில்களை மனப்பாடம் செய்துகொண்டே வந்தேன், ஒரு சொல் தவறாமல். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மா காதில் கத்தினேன்: "அன்னைக்குப் பீர்க்கங்கா கூட்டாம்மா!"

"அதான் அன்னைக்கே சொன்னாளே. நீ கேக்கலையா?" என்றாள் அம்மா.

நான் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். வேறு ஊருக்குப் போய், கிராதி முன்னால் கை வலிக்க நின்று, நெஞ்சில் சுமந்து கொண்டுவந்த பதில்கள் அம்மாவுக்குத் தேவைப்படவில்லை. "ஏக்கமா இருக்காம்மா அவளுக்கு" என்று மட்டும் மறுபடி காதில் கத்தினேன். "இருக்காதா?" என்றாள்.

செபமாலை முடிந்ததும், "அக்காவைக் கொண்டா" என்றாள். கேமராவைப் புத்தக அடுக்கில் வைத்து, திரையை அவள் பக்கம் திருப்பினேன். பதிவு பட்டனைத் தொடவில்லை. வெள்ளை முக்காடு தெரிந்தது. அம்மா சிரித்தாள், அங்கேயும் சிரித்தார்கள்.

"தங்கச்சி வந்தாளா ஒன்னையப் பாக்க?" என்று கேட்டு, காத்திருந்து, "ம்" என்று தலையை ஆட்டினாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டித் துழாவினாள்.

"நீ எங்க போன? இங்கிட்டு வா. அக்கா ஒன்னைய நல்லாப் பாக்கட்டும்."

நான் நாற்காலிக்குப் பின்னால் போய்க் குனிந்து, அம்மாவின் தோள் ஓரமாக முகத்தை நீட்டினேன். திரையில் முக்காட்டு முகத்துக்குப் பக்கத்தில் அப்பா ஜாடையில் ஒரு முகம் வந்து நின்றது. அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்த ரெண்டு முகங்களையும் பார்த்தாள்.

"இந்தா, ரெண்டு பேரும் ஒண்ணா நிக்கிறீங்க" என்றாள்.

நான் அசையவில்லை. குனிந்த இடுப்பு வலித்தது. அசைந்தால் ஒரு பிள்ளை திரையை விட்டுப் போய்விடும். அம்மாவின் மூச்சு என் கன்னத்தில் பட்டுக்கொண்டிருந்தது. பேட்டரி தீருகிற அடையாளம் மூலையில் மினுக்கியது. பிறகு திரை கறுத்தது.

"வச்சுட்டாளா?" என்றாள் அம்மா.

"மணி அடிச்சிருக்கும்மா. செபத்துக்குப் போயிட்டா" என்று காதில் கத்திச் சொன்னேன்.

"போகட்டும். அவளுக்கு வேலை கெடக்கும்." அம்மா மடியில் இருந்த கண்ணாடியைத் தடவி எடுத்து மாட்டிக்கொண்டாள். கழுத்தைத் திருப்பி, இத்தனை கிட்டத்தில் இருந்த என் முகத்தைப் பார்த்தாள். பஸ் தூசி இன்னும் கழுவாத முகம்.

"நீ சாப்டியா?" என்று கேட்டுவிட்டு, என் உதட்டைப் பார்த்தபடி காத்திருந்தாள்.